வெளியே போகிற பந்து

வெளியே போகிற பந்துக்குத்தான் முப்பிடாதி அதிக வேகமாக ஓடுவான். உள்ளே விழுகிற பந்துக்கு எல்லோரும் ஓடுவார்கள், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டி, வேலியையும் தாண்டி, பக்கத்துக் களத்தில் காய்கிற கொப்பரைமேல் விழப் போகிறது என்று வேடிக்கை பார்க்கிறவர்களுக்கே தெரிகிற பந்து. அதை இவன் பின்பக்கமாகவே ஓடி, மல்லாக்க விழுந்து, எப்படியோ மட்டையின் நுனியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவான். பந்து தென்னை உயரத்துக்குக் கிளம்பி, ஆடி அசைந்து, எதிராளியின் தலைக்கு நேரே போய் இறங்கும். அவன் ஆற அமர நின்று ஒரே போடாகப் போட்டுப் பாயிண்டை எடுத்துக்கொள்வான். முப்பிடாதி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து எங்களைப் பார்த்துச் சிரிப்பான்.

"எடுத்துட்டம்லா!"

"வெளிப் பந்தாக்கும்டா அது! சும்மா நின்னிருந்தா பாயிண்ட் நமக்காக்கும்!" என்று வெங்கிட்டு தலையில் அடித்துக்கொள்வான்.

"அப்படியா சாமி? நான் பாக்கலியே" என்பான் இவன்.

பூப்பந்து தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கம்பளி நூலைச் சுற்றிச் செய்த சின்னப் பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர். வலைக்கு மேலே அடிக்க வேண்டும், நம் பக்கத்துத் தரையில் விழவிடக் கூடாது. எதிராளி அடித்தது கோட்டுக்கு வெளியே விழுந்தால் தப்பு அவனுடையது. ஆகவே இந்த ஆட்டத்தில் பாதி வித்தை அடிப்பதில் இருக்கிறது, மீதிப் பாதி அடிக்காமல் இருப்பதில் இருக்கிறது. முப்பிடாதிக்கு முதல் பாதி சுமாராக வரும். இரண்டாவது பாதி ஜன்மத்தில் வராது.

மட்டாஞ்சேரி கூவப்பாடத்தில் எங்கள் கிளப். பெயர்தான் கிளப். ஓலைக் கொட்டகை ஒன்று, பெஞ்சு ஒன்று, மணல் கலந்த மண் தரை ஒன்று, அவ்வளவுதான். ஆடுகிறவர்கள் எல்லாம் பாலக்காட்டிலிருந்து வந்து இங்கேயே வேரோடிப் போன குடும்பத்துப் பிள்ளைகள். பாங்கிலும் கயிற்றுக் கம்பெனியிலும் குமாஸ்தா வேலை. நான்தான் செக்ரட்டரி. எனக்கு முட்டி வலி, ஆட மாட்டேன், சத்தம் போடுவேன். இவர்களுக்கு நடுவே தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரே ஆள் முப்பிடாதி. எங்கள் தமிழைக் கேட்டால் அவனுக்குச் சிரிப்பு. அவன் "சொல்லுதேன், பாக்கேன்" என்றால் எங்கள் பிள்ளைகளுக்குச் சிரிப்பு. ரெண்டு பக்கமும் சரிசமம்.

அவனுக்கு வேலை யூதத் தெருக் கோடியில் உள்ள மிளகுப் பண்டகசாலையில். மூட்டையின் வாயைத் தைப்பது. உட்கார்ந்தால் அவனைச் சுற்றிச் சாக்குகள்தான், மனுஷன் தெரிய மாட்டான். ஒரு சாண் நீளக் கோணி ஊசியைச் சணலோடு குத்தி இழுக்கும்போது 'சர்' என்று ஒரு சத்தம் வரும். தைத்து முடித்ததும் மூட்டையைக் காலால் ஓர் உதை உதைப்பான். ஒரு மிளகு வெளியே வந்தால் போச்சு, அவிழ்த்து மறுபடி தைப்பான். கீழே சிந்தியதைக் கூட்டுகிற பெண்கள் வேறே இருக்கிறார்கள், இருந்தாலும் குனிந்து குனிந்து பொறுக்குவான். "உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று கேட்டால், "கீழ கெடந்தா கை நிக்க மாட்டேங்கு" என்பான். வேறு காரணம் அவனிடம் கிடையாது. நானும் தோண்டித் துருவிப் பார்த்துவிட்டேன்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்கு வந்துவிடுவான். ஈர்க்குமாறால் பெருக்கி, கயிறு பிடித்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, அப்புறம் மடியில் செருகியிருக்கும் கோணி ஊசியை எடுத்து என்னிடம் கொடுப்பான். "வச்சுக்கிடுங்க சாமி, விழும்போது குத்திரும்." பாருங்கள், விழப் போகிறோம் என்று தீர்மானித்துக்கொண்டே ஆட வருகிறவன் இவன் ஒருவன்தான். அவன் தோளில் கிடக்கும் துண்டில் மிளகுத் தூசி ஒரு படி இருக்கும். பந்தில் ஈரம் ஏறினால் அதைக்கொண்டுதான் துடைப்பான். அப்புறம் வலைக்கு இரண்டு பக்கமும் ஐந்து நிமிஷத்துக்குத் தும்மல்.

அணிக்குள் அவன் வந்ததே தற்செயல். பெருக்கிக் கோடு போடத்தான் வந்தான். ஒருநாள் ஆள் ஒன்று குறைந்தது. சோளக்கொல்லைப் பொம்மையைப் போல நிற்கட்டும் என்று பின்வரிசையில் நிறுத்தினோம். பொம்மை நிற்கவில்லை, ஓடியது. அன்று முதல் அவனை வெளியே போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம். பந்தயத்தன்று காலையில் கொட்டகைச் சுவரில் உள்ள ஐந்து ஆணிகளில் ஐந்து மட்டைகளை நான் மாட்டுவேன். யாருடைய மட்டை தொங்குகிறதோ அவன் ஆடுவான். மற்றவன் மட்டை பெட்டிக்குள் கிடக்கும். பேச்சு வார்த்தை கிடையாது, மனஸ்தாபமும் கிடையாது. தன் மட்டை ஆணியில் தொங்குகிற அன்றைக்கு மட்டும் முப்பிடாதி பெஞ்சில் வெங்கிட்டுவுக்குப் பக்கத்தில் முழுசாக உட்காருவான். மற்ற நாளில் ஓரத்தில் பாதி உடம்புதான் பெஞ்சில் இருக்கும். பஜாரில் அவனை "ஏ சாக்கு!" என்றுதான் கூப்பிடுவார்கள். பந்தயத்தன்றைக்கு அம்பயர் பெயர் வாசிக்கும்போது "முப்பிடாதி" என்று முழுசாக வாசிப்பார். அதைக் கேட்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கே ஒரு மாதிரி ஆகிவிடும்.

சரி, இவனால் கிளப்புக்கு லாபமா நஷ்டமா? இதுதான் கேள்வி. எளிசான கேள்வி என்று நினைக்காதீர்கள். நான் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெங்கிட்டு எங்கள் அணியின் சூரன். வலை ஓரத்தில் நின்று அவன் ஒரு வெட்டு வெட்டினால் பந்து செத்த பல்லி மாதிரி விழும். அவன் கட்சி தெளிவானது. "கப்பு கிட்டறது அடிக்கறவனாலயாக்கும். ஓடறவனால இல்லை. ஓடறதுதான் பெரிசுன்னா ரிக்ஷாக்காரனைக் கூட்டிண்டு வந்து நிறுத்தலாமே?" காப்பிக் கடையில் அவன் இதைச் சொல்லும்போது எனக்கும் சரி என்றே படும். வீட்டுக்கு நடக்கும்போது சரி இல்லை என்று படும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மறுபடி சரி என்று படும்.

சாட்சியத்தைப் பாருங்கள். எர்ணாகுளத்துக் கிளப்புகளும் மட்டாஞ்சேரிக் கிளப்புகளும் மோதும் ஓணக் கோப்பை அறுபத்தொன்றில் ஆரம்பித்தது. அந்த வருஷம் முழுக்க முப்பிடாதி ஆடினான், ஜெயித்தோம். ஆஹா, இவன் வேண்டும் என்றேன். அறுபத்திரண்டில் அவனுக்கு ஜுரம், ஃபைனல் தவிர எதிலும் ஆடவில்லை. அவன் இல்லாமலே எல்லோரையும் ஊதித் தள்ளினோம். சரி, வேண்டாம் என்றேன். ஃபைனலுக்கு எழுந்து வந்து ஆடினான், தோற்கிற மாதிரி போய், நாக்கு வெளியே வந்து, கடைசியில் ஜெயித்தோம். அவன் ஆடியதால் தோற்கப் போனோமா, அவன் ஆடியதால் ஜெயித்தோமா? சொல்லுங்கள் பார்ப்போம்! ஜுரத்தோடு விழுந்து விழுந்து எழுந்தவனைப் பார்த்ததும் மற்ற நாலு பேருக்கும் ரோஷம் வந்தது என்று ஒருவர் சொன்னார். அவன் விழுந்ததில் பின்வரிசை காலியாகி நாலு பாயிண்ட் போனது என்று இன்னொருவர் சொன்னார். இரண்டும் என் கண்ணால் பார்த்ததுதான்.

இதில் பெரிய சங்கடம் வேறு ஒன்று இருக்கிறது. விட்ட பந்துக்கு மண்ணில் தடம் இருக்கும், உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று குனிந்து பார்த்துக்கொள்ளலாம். எடுத்த பந்துக்குத் தடமே கிடையாது. முப்பிடாதி எடுத்த பந்துகளில் எத்தனை கோட்டின்மேல் விழுந்து எங்கள் மானத்தை வாங்கியிருக்கும், எத்தனை வெளியே போய் எங்களுக்கு லாபமாகியிருக்கும் என்று பகவானுக்குத்தான் வெளிச்சம்.

அவன் பெண்டாட்டி பாக்கியலக்ஷ்மி அதே பண்டகசாலையில் மிளகு புடைக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் காலையில் அவனுக்குச் சாயாவும் அவித்த கப்பைக்கிழங்கும் கொண்டுவந்தவள், அவன் முழங்கை ரத்தத்தைப் பார்த்துவிட்டு என்னிடமே கேட்டாள்.

"சாமி, வெளிய போறது வெளிய போயிட்டுப் போகுதுன்னு விட இவருக்கு ஏன் மனசு வரல? வீட்டுலயும் இப்படித்தான். பூனை தள்ளுன செம்பைப் பிடிக்கப் பாஞ்சு அடுப்புல கைய வச்சாரு. செம்பு என்ன, உடையவா போகுது?"

"நெளிஞ்சிருமே, ட்டி" என்றான் முப்பிடாதி, கப்பையை மென்றுகொண்டே.

"இப்போ நீருதான் நெளிஞ்சு கெடக்கீரு" என்று அவள் போய்விட்டாள்.

போன வருஷம், அறுபத்திமூன்று, விஷயம் முற்றிவிட்டது. மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்தால் கோப்பை அந்தக் கிளப்புக்கே சொந்தம் என்பது விதி. இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அப்போது பார்த்து வந்து சேர்ந்தான் ராமபத்ரன். எர்ணாகுளத்தில் காலேஜில் படிக்கிற பிள்ளை. வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. ஆட்டம் முடிந்தாலும் சட்டையில் மண் ஒட்டியிருக்காது. வெளியே போகிற பந்துக்கு அசையவே மாட்டான். கழுத்தை மட்டும் திருப்பி, ஊரைவிட்டுப் போகிற சிநேகிதனை வழியனுப்புகிற மாதிரி பார்த்து நிற்பான், பந்தும் கோட்டுக்கு நாலு விரல் தள்ளிப் போய் விழும். செமிஃபைனலில் முப்பிடாதிக்குப் பதிலாக அவனை ஆடவிட்டோம். வியர்க்காமல் ஜெயித்தோம். முப்பிடாதி பெஞ்சு ஓரத்தில் பாதி உடம்போடு உட்கார்ந்து, ஒவ்வொரு பந்துக்கும் பெஞ்சையே ஆட்டினான்.

ஃபைனல் அன்று காலை மட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்தாவது ஆணிக்கு முன்னால் நின்றேன். ராமபத்ரனுடையதை மாட்டினேன். மனசு கேட்கவில்லை, எடுத்தேன். முப்பிடாதியுடையதை மாட்டினேன். புத்தி கேட்கவில்லை, எடுத்தேன். மறுபடி மாட்டினேன். மதில்மேல் பூனை என்று அடுத்தவனைத் திட்டியிருக்கிறேன், அன்றைக்குத்தான் பூனையின் கஷ்டம் தெரிந்தது. கடைசியில் மாட்டியது முப்பிடாதியுடையது. ஏன் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல?

வெங்கிட்டு வந்தான், ஆணியைப் பார்த்தான், முகம் சிவந்துவிட்டது. "எந்தாக்கும் இது, செக்ரட்டரி? கோப்பை சொந்தமாகற நாளாக்கும் இன்னிக்கு. வெளையாட்டா?"

நான் இழுத்தேன். அவன் என்னை விட்டுவிட்டு, கோடு போட்டுக்கொண்டிருந்த முப்பிடாதியிடம் போனான்.

"இங்க பாரு. ஆடிக்கோ. நான் 'விடு'ன்னா விடணும். ஒரே ஒரு வெளிப் பந்தை எடுத்தாலும், அடுத்த வருஷம் அந்த ஆணி நோக்கு இல்லை. மனசிலாச்சா?"

முப்பிடாதியின் கையில் சுண்ணாம்புச் சட்டி இருந்தது. ஆணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "முப்பிடாதியம்மன்மேல ஆணையா விட்டுருதேன் சாமி" என்றான். குலதெய்வத்தின் பெயர்தான் இவன் பெயரும். ஆணை கொஞ்சம் கனமானதுதான்.

எதிர்த்து வந்தவர்கள் எர்ணாகுளம் பிராட்வே அணி. அவர்களில் நல்லசிவம் என்று ஒரு ஜவுளிக் கடைக்காரர். ஆள் குட்டை, அடி இடி. அம்பயர் ராசப்பன், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். படகுத்துறைக் கூலிகள்கூட வேலையை விட்டுவிட்டு வந்து வேலி ஓரத்தில் நின்றார்கள். பாக்கியலக்ஷ்மி வல்லார்பாடத்து மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு வந்திருந்தாள். ஜெயிப்பதற்கா, இவன் எலும்பு முறியாமல் இருப்பதற்கா என்று கேட்டேன். "ரெண்டுக்கும் ஒரே திரிதான் சாமி" என்றாள்.

முதல் ஆட்டம் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில்தான் கவனித்தேன். வெங்கிட்டு "விடு!" என்றதும் முப்பிடாதி மட்டையை இரண்டு கையாலும் மார்போடு இறுக்கிக்கொண்டு, குழந்தையைக் கிணற்றங்கரையில் பிடித்து வைத்துக்கொள்கிற மாதிரி நின்றான். பந்து வெளியே விழுந்தது. பாயிண்ட் எங்களுக்கு. இப்படி இரண்டு மூன்று தடவை. வெங்கிட்டு என் பக்கம் திரும்பி, 'பார்த்தாயா?' என்கிற மாதிரி தலையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். வேறு என்ன செய்ய? லாபம் கண்ணெதிரே இருக்கிறதே.

கடைசிக் கட்டம். சர்வீஸ் எங்களிடம். இன்னும் ஒரே பாயிண்ட் எடுத்தால் கோப்பை நிரந்தரமாக எங்களுக்கு. நல்லசிவம் ஓங்கி ஒன்று விட்டார். பந்து எல்லோருடைய தலைக்கும் மேலே பின்கோட்டை நோக்கிப் போயிற்று. முப்பிடாதி வழக்கம்போல ஓட ஆரம்பித்துவிட்டான். "விடு! விடு!" என்று வெங்கிட்டு தொண்டை கிழியக் கத்தினான். முப்பிடாதி ஓட்டத்திலேயே மட்டையை மார்போடு அணைத்தான், கால் வழுக்கியது, சறுக்கிக்கொண்டே போய்க் கோட்டின்மேல் விழுந்தான். பந்து அவன் இடுப்புக்குப் பக்கத்தில் எங்கேயோ விழுந்து உருண்டது.

எல்லோரும் ஓடிப் போய்க் குனிந்தோம். காலையில் அவனே போட்ட கோட்டை அவனே சறுக்கி அழித்திருந்தான். கோடும் இல்லை, பந்தின் தடமும் இல்லை. அவன் வேட்டி முழுக்கச் சுண்ணாம்பு.

எங்கள் பக்கத்துப் பந்தயங்களில் ஒரு வழக்கம் உண்டு. கோடு அழிந்துபோய் அம்பயருக்கும் தெரியவில்லை என்றால், கிட்டத்தில் நின்ற ஆட்டக்காரனைக் கேட்பார். எந்தக் கட்சியாக இருந்தாலும் அவன் சொன்னதுதான் முடிவு. ராசப்பன் மாஸ்டர் இவனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நீயல்லே கிட்ட நின்னது? பறயெடோ. உள்ளிலோ, வெளியிலோ?"

'வெளியே' என்று ஒரு வார்த்தை. கோப்பை எங்களுக்கு, ஆணி அவனுக்கு. நல்லசிவம்கூட வலையைப் பிடித்துக்கொண்டு, ஆச்சு என்கிற மாதிரி நின்றுவிட்டார். நான் முப்பிடாதியின் வாயையே பார்த்தேன்.

அவன் எழுந்து உட்கார்ந்து, மூக்கில் இருந்த சுண்ணாம்பைத் துடைத்தான். "சார், அது எடுக்கக்கூடிய பந்து" என்றான்.

"அதல்லடோ சோதிச்சது!" என்றார் மாஸ்டர், நான் கேட்டது அதுவா என்கிற மாதிரி. "உள்ளிலோ, வெளியிலோ?"

"தெரியாது சார். வெங்கிட்டு சாமி விடுன்னாவ. விட்டேன்."

"எவிடெ விழுந்நு எந்நு கண்டில்லே?"

"எப்படிப் பாக்க? தொறந்திருந்தா கை போயிருமேன்னு கண்ணை மூடிக்கிட்டேன்."

வேலி ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. அட பாவி, இதைச் சத்தியசந்தன் என்று கொண்டாடுவதா, மடையன் என்று உதைப்பதா? பொய் சொல்ல மறுத்தான் என்றால் பெருமைப்படலாம். இவனோ பொய் சொல்லலாம் என்பதே தெரியாத மாதிரி அம்பயரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் விசில் ஊதி, மறுபடி ஆடச் சொல்லிவிட்டார். வெங்கிட்டு மட்டையைத் தரையில் குத்தினான். முப்பிடாதி குனிந்து குச்சியால் கோட்டை மறுபடி கீறினான்.

மறுபடி சர்வீஸ். மறுபடி நல்லசிவம். மனுஷர் பழைய இடத்தையே தேடி அனுப்பினார், அதே உயரம், அதே மூலை. வெங்கிட்டு திரும்பினான், வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. தொண்டை கட்டியதா, மனசு கட்டியதா, இன்றுவரை கேட்டால் "இருமல் வந்துடுத்து" என்கிறான். விடு என்ற சொல் வராததால் முப்பிடாதி ஓடினான். பின்னால் சாய்ந்து, விழுந்து, எடுத்துவிட்டான். பந்து தென்னை உயரத்துக்குப் போயிற்று. அது இறங்குவதற்குள் எனக்கு ஒரு வயசு கூடியிருக்கும். நல்லசிவம் கீழே நின்று ஓங்கி அடித்தார். அந்த அடியை வெங்கிட்டு வலையோரத்தில் மட்டையைச் சற்றே சாய்த்து வெட்டினான். பந்து அவர்கள் பக்கத்தில் வலையடியிலேயே விழுந்து கிடந்தது.

கோப்பை எங்களுக்கே சொந்தமாகிவிட்டது. வெங்கிட்டுவைத் தூக்கினார்கள். தூக்க வேண்டியதுதான், அந்த வெட்டு வேறு யாருக்கும் வராது. ஆனால் வெட்டுவதற்குப் பந்தை உயிரோடு வைத்தவன் யார்? நல்லது, ஆனால் அந்தப் பந்தே வெளியே போகிற பந்தாக இருந்தால்? விட்டிருந்தாலே ஜெயித்திருப்போமே! நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அது ஒரு சாண் வெளியே போகிற மாதிரித்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் உள்ளே என்று சத்தியம் செய்கிறார். அவருக்குக் கண்ணாடி உண்டு, எனக்கும் உண்டு. தடம் கிடையாது.

மறுநாள் காலை போட்டோ. படகு ஏறி வந்த போட்டோக்காரர் பலாமரத்து நிழலில் முக்காலி வைத்துப் பெரிய காமிராவை நிறுத்தினார். பெஞ்சில் ஐந்து பேர். முப்பிடாதி கோடியில், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, முழுசாக உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் ஸ்டூலில் கோப்பை. அதற்கு ஒரு மூடி. மூடியின் உச்சியில் மட்டை தூக்கிய சின்ன வெள்ளிப் பொம்மை. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் புகுந்து வந்து, "ஆரும் அனங்கருது!" என்றார். யாரும் அசையக் கூடாது. காமிராக் கண்ணாடியின் குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அதைத் திரும்ப மூடுகிறவரை படம் பதிந்துகொண்டே இருக்கும். அந்த நேரம் பார்த்துக் காயலிலிருந்து ஒரு காற்று. மூடி மெல்ல நழுவியது. "அனங்கருது!" என்று அவர் கத்தினார். "அசையாதே!" என்று வெங்கிட்டு உதட்டை அசைக்காமல் கத்தினான். முப்பிடாதி பாய்ந்துவிட்டான். குல்லாயைத் திரும்ப மூடிய போட்டோக்காரர், வேறு பிளேட் கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டுப் படகுக்குப் போனார்.

படம் வந்தது. வெங்கிட்டு மாப்பிள்ளை மாதிரி இருக்கிறான். மற்ற மூவரும் மாப்பிள்ளைத் தோழர்கள். கோடியில் பெஞ்சு காலி. அங்கிருந்து கோப்பைவரை வெள்ளையாக ஒரு மங்கல், அடுப்புப் புகை மாதிரி. அதன் நுனியில் மூடி மட்டும் சாய்ந்தபடி நிற்கிறது.

"போட்டோவையும் கெடுத்துட்டான்! பறஞ்சா கேக்காத ஜன்மம்!" என்றான் வெங்கிட்டு. அன்றைக்கே கமிட்டி கூடியது. வரும் ஓணத்தில் புதுக் கோப்பை, புது அணி, ஐந்தாவது ஆணி ராமபத்ரனுக்கு என்று முடிவாயிற்று. நான் ஆட்சேபித்தேனா? எதைச் சொல்லி ஆட்சேபிக்க? என் கையில் ஒரு சாட்சியம் இருந்திருந்தால் மேஜையை உடைத்திருப்பேன்.

சொல்ல வேண்டிய பொறுப்பு என்னுடையது. போட்டோவை எடுத்துக்கொண்டு பண்டகசாலைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் தும்மல். மூட்டைகளுக்கு நடுவே முப்பிடாதி தைத்துக்கொண்டிருந்தான். சற்றுத் தள்ளிப் பாக்கியலக்ஷ்மி முறத்தோடு இருந்தாள். சுற்றி வளைக்க எனக்கு வராது. வரும் ஓணத்துக்கு ராமபத்ரன் ஆடுவான் என்று சொல்லிவிட்டேன்.

ஊசி பாதிச் சாக்கில் நின்றது. பிறகு 'சர்' என்று இழுத்தான்.

"நல்ல பையன் சாமி. கை சுத்தம்" என்றான். இரண்டு தையல் போனது. "காலையில களம் பெருக்க வரலாம்லா?"

"வா" என்றேன். அவசரமாகப் போட்டோவை நீட்டினேன்.

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். பாக்கியலக்ஷ்மி முறத்தை வைத்துவிட்டு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"மூடி விழல, பாத்தியா?" என்று அவளிடம் காட்டினான். "ஒரு நெளிசல் இல்ல."

"மூடி கெடக்கட்டும். நீரு எங்க? உம்மைக் காணலியே?"

முப்பிடாதி படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே கோடிக்கு வந்தான்.

"இங்கனதான் இருந்தேன். மிளகுத் தூசி அடைஞ்சிருக்கு, அதான் தெரியல" என்றான். துண்டின் நுனியை விரலில் சுற்றி அந்த வெள்ளை மங்கலைத் துடைத்தான். போகவில்லை. எச்சில் தொட்டு, படம் கிழிந்துவிடாமல் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தான்.